குடற்புற்றுநோய்: சாபமல்ல, தவறிப்போன ஒரு கட்டளை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அந்த வருத்தம்" என்பார்கள். அது குடலில் வந்தது என்றால் அதையும் சொல்வதில்லை. "மூலம்", "வயித்துக் கோளாறு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்பார் சிலர். முன்னோர் செய்த பாவம் என்பார் வேறு சிலர். வீட்டில் கலியாண வயதில் பெண்பிள்ளை இருந்தால், நோயின் பெயர் வெளியே போகாதபடி குடும்பமே காத்துக்கொள்ளும்.

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களிலும் நிலைமை இதுவேதான். ஒரே கொட்டகையில் பல குடும்பங்கள் ஒதுங்கியிருக்கும்போது, பொது மலசலகூடத்துக்கு முன் வரிசையில் நிற்கும்போது, மலத்தோடு இரத்தம் போகிறது என்று எந்தத் தாய் வாய்திறந்து சொல்வாள்?

இந்த மௌனத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் புதிதாகக் குடற்புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 9 இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இலங்கையிலும் ஆண்கள், பெண்கள் இரு பாலாரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆயினும் மெதுவாக வளரும் நோய் இது. நேரத்தோடு கண்டால் தடுக்கலாம், குணப்படுத்தவும் செய்யலாம். நோய் எப்படி உண்டாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பயம் பாதி தீரும். ஆகவே சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

குடலுக்குள் ஒரு நாற்றுமேடை

எமது பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவர் மிகவும் மெல்லியது. மலம் உரசிக்கொண்டு போவதால் அந்தச் சுவர் நாளும் தேய்கிறது. தேய்ந்ததை ஈடுசெய்ய உடல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சுவர் முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாய்க்கலங்கள் இருக்கின்றன. அவை பிரிந்து புதிய கலங்களைத் தருகின்றன. அந்தப் புதிய கலங்கள் குழியின் சுவரில் மெல்ல மேலேறி, சில நாட்கள் வேலை செய்து, உதிர்ந்து மலத்தோடு போய்விடும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை உட்சுவர் புதிதாகிவிடுகிறது.

நாற்றுமேடையில் நாற்று வளர்த்து மலையில் நடுவதைப் போன்ற வேலை இது. எத்தனை நாற்று வேண்டும், எப்போது வேண்டும், எப்போது போதும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் சொல்லவேண்டும். கட்டளை இல்லாமல் நாற்று வளர்ந்துகொண்டே போனால் மேடை நெரிந்து அழியும். குடலில் அந்தக் கட்டளையைக் கொடுப்பவை எமது கலங்களுக்குள் இருக்கும் மரபணுக்கள். பாடசாலைப் புத்தகத்தில் பிள்ளைகள் இவற்றைப் பரம்பரை அலகு என்றும் படித்திருப்பார்கள்.

தப்பு அடித்தால்தான் பெரட்டு

கட்டளை எப்படிப் போகிறது? தோட்டத்து வழக்கத்தைக் கொண்டே சொல்லலாம். முன்பு தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு அடிப்பார்கள். சத்தம் கேட்டுத் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். அங்கே ஆட்களுக்கு மலை பிரித்துக் கொடுக்கப்படும். தப்பு அடிக்காத நாளில் பெரட்டு இல்லை, வேலையும் இல்லை.

குடற் குழியின் அடியில் 'வின்ட்' என்ற ஒரு புரதம் இந்தத் தப்பின் வேலையைச் செய்கிறது. அது தாய்க்கலத்தின் வெளிச்சுவரைத் தட்டுகிறது. செய்தியைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுபோகும் ஆள் இன்னொரு புரதம். அதன் பெயர் பீற்றா கற்றெனின். அது உள்ளே போய்ச் சேர்ந்தால், "பிரி, பெருகு" என்ற கட்டளைகள் கருவுக்குள் விழித்துக்கொள்ளும்.

ஆனால் தப்பு அடிக்காத நேரத்தில் செய்தியாள் உள்ளே போகக்கூடாது. அதற்கென்று ஒரு காவற்காரன் இருக்கிறான். ஏ.பி.சி. என்ற மரபணு தரும் புரதமே அந்தக் காவற்காரன். அவன் வேறு சில புரதங்களோடு சேர்ந்து செய்தியாளைப் பிடித்து, அழிவுக்கு அனுப்பிவிடுகிறான். தப்பு அடிக்கும்போது மட்டுமே இந்தக் காவல் தளரும். குழியின் மேற்பகுதிக்கு ஏற ஏறத் தப்பின் சத்தம் குறையும். கலம் பிரிவதை நிறுத்தி, தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

இப்போது காவற்காரன் இல்லாமற்போனால் என்ன நடக்கும்? தப்பு அடிக்காமலே செய்தியாள் இரவும் பகலும் உள்ளே போய்க்கொண்டிருப்பான். கலம் ஓயாமல் பிரியும். மேலேறி உதிர வேண்டிய கலங்கள் அங்கேயே தேங்கும். சுவரில் ஒரு சிறு முடிச்சு எழும்பும். வைத்தியர்கள் அதைப் பொலிப் என்று சொல்வார்கள். குடற்புற்றுநோய் கண்ட 10 பேரில் ஏறத்தாழ 8 பேரின் புற்றுக்கலங்களில் இந்த ஏ.பி.சி. காவல் பழுதாகியிருக்கிறது.

சிறகில்லாத ஈ சொன்ன பாடம்

இந்தக் கட்டளைப் பாதையைக் கண்டுபிடித்த கதையில் விவசாயிகளாகிய எமக்கும் ஒரு பங்கு உண்டு. கதை தொடங்கியது புற்றுநோய் வைத்தியசாலையில் அல்ல. புதுடில்லியில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். பி. சர்மா என்ற அறிஞர் 1970களில் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சின்ன ஈதான். பரம்பரைப் பழுது ஒன்றினால் சில ஈக்கள் ஒரு சிறகு இல்லாமலும் சில ஈக்கள் இரண்டு சிறகும் இல்லாமலும் பிறந்தன. அவரும் வி. எல். சோப்ராவும் 1976இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். சிறகில்லாமைக்குக் காரணமான மரபணுவுக்கு 'விங்லெஸ்' என்று பெயர். சிறகற்றது என்பது அதன் பொருள்.

1982இல் அமெரிக்காவில் றோயெல் நுஸ்ஸ, ஹரல்ட் வார்மஸ் ஆகிய இருவர், எலிகளின் மார்புப் புற்றில் 'இன்ட்' என்று பெயரிட்ட ஒரு மரபணுவைக் கண்டார்கள். 1987இல்தான் உண்மை வெளிப்பட்டது. ஈயின் சிறகை உருவாக்கும் மரபணுவும் எலியின் புற்றில் நின்ற மரபணுவும் ஒன்றுக்கொன்று ஒத்தவை! விங்லெஸ், இன்ட் என்ற இரு பெயர்களையும் இணைத்து 'வின்ட்' என்ற பெயர் பிறந்தது. 1991இல் மனிதரின் ஏ.பி.சி. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 1993இல் அந்தக் காவற்காரன் பிடிப்பது பீற்றா கற்றெனினையே என்று தெரியவந்தது. ஈயிலும் எலியிலும் மனிதரிலும் ஒரே கட்டளைப் பாதை ஓடுகிறது. படைப்பு முழுவதும் ஒரே குடும்பம் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஒரு பழுது போதாது

பொலிப் எல்லாமே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை. ஒரு முடிச்சு புற்றாக மாறவேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பழுதுகள் சேரவேண்டும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபியரன், பேர்ட் வோகல்ஸ்டீன் ஆகியோர் 1990இல் இந்தப் படிமுறையை விளக்கி எழுதினார்கள்.

முதற்படியில் பெரும்பாலும் ஏ.பி.சி. பழுதாகிறது. அடுத்து, கே-ராஸ் என்ற மரபணு. இது மின்குமிழின் ஆளியைப் போன்றது. வளரச் சொல்லும் செய்தி வந்தால் எரியும், பின்பு தானாக அணையும். பழுதானால் எரிந்த நிலையிலேயே இறுகிவிடும். 10 குடற்புற்றுக்களில் சுமார் 4இல் இந்த ஆளி இறுகியிருக்கிறது. மூன்றாவது, "போதும், நிறுத்து" என்ற கட்டளையைக் கருவுக்குக் கொண்டுபோகும் பாதை. ஸ்மாட்-4 என்ற மரபணு அதில் ஒரு கண்ணி. அது அறுந்தால் நிறுத்தற் கட்டளை போய்ச் சேராது. கடைசியாக, பி-53 என்ற மரபணு. பழுதுபட்ட கலத்தைப் பிரியவிடாமல் மறிப்பதும், திருத்த முடியாத கலத்தைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்வதும் இதன் கடமை. இதுவும் போய்விட்டால் கலத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லை. அது சுவரைத் துளைத்து ஈரலுக்கும் வேறு உறுப்புகளுக்கும் பரவும்.

எல்லோரிலும் இந்த ஒழுங்கு அப்படியே இராது. சில பழுதுகள் முந்தும், சில பிந்தும். ஆனால் எமக்குத் தேவையான பாடம் ஒன்றே. சிறு பொலிப் புற்றாவதற்குப் பொதுவாகப் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கிறது. அந்தப் 10 ஆண்டும் எமக்குக் கிடைத்த தவணை. அதற்குள் குடல்நோக்கிக் குழாயை உட்செலுத்திப் பார்த்துப் பொலிப்பை வெட்டி எடுத்துவிட்டால், வரவிருந்த புற்று வராமலே போய்விடும். புற்றாக மாறிய பிறகும், அது குடலுக்குள்ளேயே நிற்கும்போது கண்டால், அமெரிக்கக் கணக்குகளின்படி 10 பேரில் சுமார் 9 பேர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் 10 பேரில் ஓரிருவரே அப்படி வாழ்கிறார்கள்.

இந்த அறிவு மருந்திலும் பயன்படுகிறது. செட்டுக்சிமாப் என்ற மருந்து, வளரச் சொல்லும் செய்தியைக் கலத்தின் வாசலில் மறிக்கிறது. உள்ளே கே-ராஸ் ஆளி இறுகிக் கிடப்பவருக்கு வாசலை மறித்தும் பயனில்லை என்பது 2008இல் உறுதியானது. எனவே எந்த இடத்தில் பழுது என்று பார்த்த பின்னரே அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள்.

பரம்பரையாக வருவதும் உண்டு

மேலே சொன்ன பழுதுகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது இருப்பவை அல்ல. வாழ்நாளில், குடலில் உள்ள ஒரு கலத்தில், சிறிது சிறிதாகச் சேர்பவை. அவை பிள்ளைகளுக்குப் போகா. ஆனால் 100 நோயாளரில் சுமார் 5 பேரின் நிலை வேறு.

ஒவ்வொரு மரபணுவும் எம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஏ.பி.சி. காவல் விழவேண்டுமானால் இரண்டு பிரதிகளும் கெடவேண்டும். சிலர் ஒரு பிரதி கெட்டபடியே பிறக்கிறார்கள். அவர்களுடைய குடலில் இளவயதிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பொலிப்புகள் முளைக்கும். கவனியாது விட்டால் 40 வயதை அண்டிப் புற்று வருவது ஏறக்குறைய நிச்சயம்.

இன்னொரு வகை, லிஞ்ச் நோய்த்தொகுதி. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரதி எடுக்கும்போது பெயர்களில் எழுத்துப் பிழை வரும். இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துவார். கலம் பிரியும்போதும் மரபணுக்கள் பிரதியெடுக்கப்படுகின்றன. அங்கே பிழை திருத்தும் மரபணுக்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டபடி பிறந்தவர்களிடம் பிழைகள் விரைவாகச் சேரும். குடலிலும், பெண்களுக்குக் கருப்பையிலும் 50 வயதுக்கு முன்பே புற்று வரக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியவர் ஒரு தையற்காரி. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்ட்றெட் வார்தின் என்ற வைத்தியப் பேராசிரியரிடம், தன் குடும்பத்தில் பலரும் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்ததாகவும், தானும் அப்படியே சாகப்போவதாகவும் அவர் சொன்னார். பின்னர் அவருக்குக் கருப்பையில் புற்று வந்து இறந்துபோனார். வார்தின் அவர் பேச்சைத் தட்டிக்கழிக்காமல் அந்தக் குடும்பத்தின் நோய்களை எழுதிவைத்து 1913இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் 1960களில் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1993, 1994ஆம் ஆண்டுகளில் பிழை திருத்தும் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு பெண்ணின் குடும்ப நினைவே இத்தனைக்கும் விதை.

சிதறிய குடும்பம், தொலைந்த நினைவு

இங்கேதான் எமது மக்களின் இழப்பு தெரிகிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகக் குடும்பங்கள் பல இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அண்ணன் பொகவந்தலாவையில், தம்பி நீலகிரியில் என்றாயிற்று. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். பின்பு யுத்தம் அவர்களை அங்கிருந்தும் துரத்தியது. 2014இல் மீரியபெத்த மண்சரிவு. 2025 நவம்பரில் டித்வா புயல். ஒவ்வொரு பெயர்விலும் காணியும் வீடும் போனது எமக்குத் தெரியும். பாட்டி எந்த நோயில், எத்தனை வயதில் இறந்தாள் என்ற நினைவும் கூடவே போனது. கிளினிக் கொப்பிகளும் போயின.

லிஞ்ச் போன்ற பரம்பரைப் பழுது இருந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. வராமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பு உண்டு. வந்தவரைத் தெரிந்துகொண்டால், இளவயதிலிருந்தே குடலைப் பரிசோதித்துப் பொலிப்புகளை அகற்றிக் காப்பாற்றலாம். மறைத்தால் அந்த வாய்ப்பை எமது பிள்ளைகளிடமிருந்து நாமே பறிக்கிறோம். கலியாணத்துக்காக மறைத்த நோய், கலியாணத்துக்குப் பின் ஒரு குடும்பத்தை அனாதையாக்கலாம்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் தாய் வழி, தந்தை வழி இரண்டையும் எழுதுங்கள். யாருக்குப் புற்று வந்தது, உடலில் எந்த இடத்தில், எத்தனை வயதில் என்று குறியுங்கள். கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவுக்கும் வவுனியாவில் இருக்கும் மாமிக்கும் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். இறந்த திகதி தெரியாவிட்டால் பங்கு ஆலயத்தின் மரணப் பதிவேட்டில் தேடித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அந்தக் கொப்பியை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். மீண்டும் ஓடவேண்டி வந்தால் அதுவும் கூட வரட்டும்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

மலத்தோடு இரத்தம் போவது. மலம் கழிக்கும் வழக்கம் மாறி, வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ சில வாரங்களுக்கு மேல் நீடிப்பது. போன பின்பும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. காரணமில்லாமல் மெலிவது. தீராத வயிற்று நோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். பெரும்பாலும் அது மூலமாகவோ வேறு சாதாரண நோயாகவோ இருக்கும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வைத்தியர்.

இரத்தசோகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்பது எமக்குப் பழகிப்போன செய்தி. குளிசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ காரணம் தெரியாமல் இரத்தம் குறைந்தால், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கும்படி நீங்களே கேட்கலாம். கேட்பது குற்றமல்ல.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குக் குடற்புற்று வந்திருந்தால், வருத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதிலிருந்து, அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்பிருந்து, பரிசோதனை செய்வது நல்லது. உதாரணமாக, அண்ணனுக்கு 45 வயதில் வந்தால் தம்பி 35 வயதில் காட்டவேண்டும். இளவயதில் பலருக்கு வந்த குடும்பமானால் இன்னும் முன்பே வைத்தியரின் ஆலோசனை வேண்டும்.

முதலில் பக்கத்திலுள்ள வைத்தியசாலையில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். பொகவந்தலாவையில் இருப்பவர்கள் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து நுவரெலியா, கண்டி வைத்தியசாலைகளுக்கும் போகலாம். புற்றுநோய்க்கென்றே மகரகமவில் அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. பயணச் செலவும் இழக்கும் நாட் சம்பளமுமே எமது மக்களைத் தடுக்கின்றன. "ஒரு நாள் பேர் போய்விடுமே" என்று தள்ளிப்போட்ட எத்தனையோ பேர் பிறகு மாதக்கணக்கில் பேர் இழந்திருக்கிறார்கள். நோயாளரோடு துணைக்குப் போவது, பஸ் காசு சேர்ப்பது, வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பது, இவை அன்பியங்களும் மாதர் சங்கங்களும் செய்யக்கூடிய வேலைகள்.

உணவும் பழக்கமும்

பழுதுகள் சேர்வதை முற்றாக நிறுத்த யாராலும் முடியாது. குறைக்க முடியும். நார்ச்சத்துள்ள உணவு குடலுக்கு நல்லது. குரக்கன், தவிடு நீக்காத அரிசி, கடலை, பயறு, கீரை, மரக்கறி ஆகியவை அப்படிப்பட்டவை. லீக்சும் கோவாவும் கரட்டும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மூன்று வேளையும் வெள்ளைக் கோதுமை மா ரொட்டி தின்னும் எமது வழக்கத்தை மாற்றவேண்டும். விற்பதில் ஒரு பிடியாவது வீட்டுச் சட்டிக்கு வரட்டும். சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சி குடற்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது. சாராயமும் கசிப்பும் புகையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். குடியாதவருக்கும் கீரை தின்றவருக்கும் இந்த நோய் வரலாம். கலம் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைக்கு யாரும் பொறுப்பல்ல. ஆகவே நோயாளியின் பாயருகே அமர்ந்து அவருடைய வாழ்க்கையை விசாரணை செய்யாதீர்கள்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனுடையதும் அல்ல, பெற்றோருடையதும் அல்ல என்று சொல்லி, அவர் அந்த மனிதனுக்குப் பார்வை கொடுத்தார். எமது கடமையும் அதுவே. யாருடைய குற்றம் என்று தேடுவதை விட்டுவிட்டு, நோயாளியை நேரத்தோடு வைத்தியரிடம் கூட்டிச் செல்வோம். இன்று இரவு விளக்கை அணைக்கும் முன், வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள்: "எங்கள் தாத்தா எந்த வருத்தத்தில் இறந்தார்?" அந்தப் பதிலைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.